அலுவல் சாராதவை

எங்கள் கம்பெனியின் அறுபத்திரண்டு தொலைபேசி இணைப்புகளும் ஒரே நேரத்தில் மரியாதையில் மாட்டிக்கொண்டபோது, அதற்குக் காரணமானவன் கேன்டீனில் இரண்டாவது உளுந்து வடையைத் தின்றுகொண்டிருந்தான். அவன் வேறு யாருமில்லை, நான்தான். பெயர் திருமூர்த்தி. ஆவாரம்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் தகவல் தொடர்புப் பொறுப்பாளன். பதவியின் பெயரைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். எனக்குக் கீழே வேலை செய்வது ஒரே ஒரு ஏ.சி. மெஷின். அதுவும் சொன்ன பேச்சைக் கேட்காது.

மூன்று வருடங்களுக்கு முன்னால் எங்கள் கம்பெனிக்கு மறுகுரல் வந்தது. ஆளுக்கொரு மறுகுரல். போன் வந்தால் நமக்குப் பதிலாக அதுதான் எடுக்கும். நம் குரலிலேயே பேசும். தெரிந்ததைச் சொல்லும், தெரியாததை நம்மைப் போலவே நாசூக்காகத் தள்ளிப்போடும். கூப்பிடுபவருக்கும் ஒரு மறுகுரல் இருப்பதால், பெரும்பாலும் அதுவும் இதுவும் பேசிக்கொள்ளும். மனிதர்கள் நிம்மதியாக வேலை பார்ப்பார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு, இன்றைக்கு நீங்கள் யார் யாரிடம் என்ன பேசினீர்கள் என்று ஆளுக்கொரு வரியாக உங்களுக்கே எழுதி அனுப்பும். கீழே 'பார்த்தேன்' என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் அன்றைய மனித உறவுகள் முடிந்தன.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திங்கட்கிழமை கோபிச்செட்டிபாளையம் டீலர் ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார்.

"உங்க மிஷினு மெட்ராஸ்காரனாட்ட வெடுக்குனு வெக்குதுங்க. வெக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை 'வெச்சரட்டுங்களா'ன்னு கேக்க வேண்டாங்களா?"

நியாயம்தானே. அமைப்புகளைத் தோண்டியதில் 'பணிவு' என்று ஒரு அளவுகோல் கிடைத்தது. பத்துக்கு நான்கில் இருந்தது. கோயமுத்தூரில் நான்கு என்பது சண்டைக்கு முந்தைய நிலை. செவ்வாய்க்கிழமை காலை எல்லோருக்கும் சேர்த்துப் பத்தில் வைத்துவிட்டு வடை தின்னப் போனேன்.

திரும்பி வந்தபோது எல்லா இணைப்புகளும் சிவப்பாக எரிந்தன. ஒன்றில் காதை வைத்தேன்.

"அப்ப வெச்சரட்டுங்களா?"

"வைங்க, வைங்க."

"இல்லீங், நீங்க மொதல்ல வைங்க."

"அட, பெரியவங்க நீங்க இருக்கறப்ப நான் எப்படிங்க வெக்கறது?"

"அதனாலென்னங்க, சும்மா வைங்க."

ஒன்றேகால் மணி நேரமாக இதுதான் நடந்துகொண்டிருந்தது, அறுபத்திரண்டிலும். எந்த மறுகுரலும் முதலில் வைக்கத் தயாராக இல்லை. வேறு வழியில்லாமல் டெஸ்பாட்ச் பிரிவிலிருந்து ஒருவர் எழுந்து பக்கத்து அறைக்குப் போய், "நீங்கதானுங்களா ஸ்டோர்ஸ் தங்கராசு? நான் இன்னும் வயசானவருன்னு நெனைச்சிருந்தேன்" என்று சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

பணிவை நான்குக்கு இறக்கினேன். ஆனாலும் மாட்டிக்கொண்ட அழைப்புகள் தாமாக அறுபடவில்லை. ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்து, விஷயத்தைக் குறித்துக்கொண்டு, கையால்தான் வெட்ட வேண்டும். அப்படித்தான் நாற்பத்தோராவது இணைப்புக்கு வந்தேன். ஒரு பக்கம், பம்புகளை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெட்டின் ஃபோர்மேன் நாச்சிமுத்து அண்ணனின் குரல். மறுபக்கம் எண்ணெய் வழியும் ஒரு குரல். யாரடா இந்த ஆள் என்று திரையைப் பார்த்தால், என் பெயர்.

நாச்சிமுத்து அண்ணனோடு பதினொரு வருடம் ஒரே மேஜையில் மதியச் சாப்பாடு சாப்பிட்டவன் நான். ஓடும் பம்ப்பின் மேல் உள்ளங்கையை வைத்தே அது தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுத்தவரும் அவர்தான். மறுகுரல் வந்த பிறகு என் வேலை கூடி, சாப்பாடு என் மேஜைக்கே வந்துவிட்டது. ஆனாலும் தினமும் பேசிக்கொண்டுதான் இருந்தோம். அப்படித்தான் ஐந்து மணி வரிகள் சொல்லின.

என்னதான் பேசியிருக்கிறோம் என்று அழைப்பைப் பின்னால் ஓட்டிக் கேட்டேன்.

"அண்ணனுக்குத் தொண்டைல ஆப்பரேசன் ஆயி அஞ்சு மாசம் ஆச்சுங்க" என்று நாச்சிமுத்து அண்ணனின் மறுகுரல், அண்ணனின் குரலிலேயே, அண்ணனை மூன்றாம் ஆளாக்கிச் சொன்னது. "இனிப் பேச்சு வராதுங்க. அவரு குரலை ஒரு நகலெடுத்துத் தரச் சொல்லி எழுதி அனுப்பிச்சிருக்கறாருங்க. வெள்ளிக்கெழம அழிஞ்சு போயிருமாமா."

"அடடா" என்றது என் குரல். "உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க. நான் என்னன்னு பாத்துட்டுச் சொல்றேனுங்க."

"அப்ப வெச்சரட்டுங்களா?"

திரையின் ஓரத்தில் எண் இருந்தது. இதே கோரிக்கை, பத்தொன்பதாவது முறை. என் ஐந்து மணி வரிகளைத் தேடி எடுத்தேன். 'நாச்சிமுத்து, டெஸ்ட் பெட். நலம் விசாரித்தார். நடவடிக்கை தேவையில்லை.' பத்தொன்பது வரிகள். பத்தொன்பதிலும் 'பார்த்தேன்' என்று அழுத்தியிருந்தேன்.

டெஸ்ட் பெட்டுக்கு ஓடினேன். அங்கே இருந்த பையன்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாது என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. அண்ணனின் விடுப்புக் கடிதத்தை மறுகுரல்களே வாங்கி, மறுகுரல்களே அனுமதித்திருந்தன. பரிசோதனை முடிவுகளை மீட்டரிலிருந்து படித்து, அவர் குரலிலேயே தினமும் சொல்லிக்கொண்டிருந்தன. நாச்சிமுத்து அண்ணன் ஐந்து மாதமாக வராமலே வேலைக்கு வந்துகொண்டிருந்தார்.

அன்று மத்தியானமே விளாங்குறிச்சியில் அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அவர் மனைவி கலாமணி அக்கா.

"வாங்க தம்பி. நெம்ப நாளாச்சுங்களே? உக்காருங்க, காப்பி குடிங்க."

குற்றம் சாட்டும் தொனி கொஞ்சமும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அண்ணன் நாற்காலியில் இருந்தார். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தி, நாற்காலியைக் காட்டினார். சிரித்தார். சத்தம் வரவில்லை.

"அண்ணா, எனக்குத் தெரியாதுங்கண்ணா. சத்தியமாத் தெரியாது. எம்மேல கோவமுங்களா?"

அவர் செல்போனை எடுத்து எதையோ தட்டப் போனார். அதற்குள் அக்கா, "அட, அதெல்லாம் ஒண்ணுமில்லீங் தம்பி. சோலி இருக்குமல்லங்க" என்றார். அண்ணன் போனைக் கீழே வைத்துவிட்டார்.

"இப்ப எப்படிங்கக்கா பேசிக்கறீங்க?"

"போன்ல தட்டுவாருங்க. அதுல ஒரு பொம்பளை பேசும். நியூஸ் வாசிக்கறவளாட்ட." அக்கா குரலைத் தாழ்த்தினார். "எனக்கு யாரோ ஊட்டுக்குள்ள வந்து உக்காந்துட்டாப்ல இருக்குதுங்க. எழுதிக் காட்டுங்கன்னு சொல்லிப்போட்டேன். எழுதினா நான் கண்ணாடியத் தேடோணும். அதைத் தேடி எடுக்கறதுக்குள்ள இவரு சொல்ல வந்ததை விட்டுப்போட்டுப் போயர்றாரு. ஒரு நாளைக்கு நாலு வார்த்தைதானுங்க இப்ப."

"ஆஸ்பத்திரில அவரு குரல்லயே பேச வெக்கற கருவி ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"அது இருக்குதுங்க. பழைய பேச்சு இருந்தாக் கொண்டாங்கன்னாங்க. எங்ககிட்ட என்னங்க இருக்குது? கலியாண வீடியோல கூட இவரு தலையத்தான் ஆட்டறாரு. கம்பெனில மூணு வருசக் குரல் இருக்குது, மூர்த்திகிட்டச் சொன்னாத் தருவான்னு இவருதான் எழுதிக் காட்டினாரு. மத்தவங்களுக்கெல்லாம் வெள்ளிக்கெழம அழிச்சுப்போட்டு, புதுசாப் பேசி வாங்கிக்குவாங்களாமா. இவரு புதுசா எங்கீங்க பேசறது?"

உண்மைதான். வெள்ளிக்கிழமை காலை மறுகுரலின் புதிய பதிப்பு வருகிறது. பழையது முழுக்கத் துடைக்கப்படும். சுற்றறிக்கையை எழுதியவன் நான்தான். எழுதியது என் மறுகுரல் என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் கையெழுத்து என்னுடையது.

நான் பெருமையோடு என் போனிலிருந்து அண்ணனின் மறுகுரலை அழைத்தேன். "வணக்கமுங்க. டெஸ்ட் பெட் நாச்சிமுத்து பேசறனுங்க. சொல்லுங்க, என்ன விசயமுங்க?"

கணீரென்ற குரல். அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு மெதுவாகத் தலையசைத்தார்.

"குரலு இவருதுதானுங்க. ஆனா இது இவரு இல்லீங். இது ஆபீசுல இருக்கறவரு. எங்கிட்ட ஒரு நாளும் 'என்ன விசயமுங்க'ன்னு கேட்டதில்லீங்க."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்கள் எம்.டி. வித்யலட்சுமி மேடத்தைப் பார்த்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவர் மறுகுரலிடம் கேட்டால் "பார்க்கலாமே" என்றுதான் வரும். அதனால் புதன்கிழமை காலை நேராகத் தேடிப் போனேன். கேபினில் ஆள் இல்லை. ஃபவுண்டரிக்கு மேலே ஒரு சின்ன அறையில், பெரிய காகிதத்தை விரித்து, ஒரு பம்ப் சக்கரத்தின் இறக்கைகளை பென்சிலால் வரைந்துகொண்டிருந்தார்.

"திருமூர்த்தி சாரா? எப்படிக் கண்டுபுடிச்சீங்க?" திருட்டுத்தனமாக மாங்காய் தின்று மாட்டிக்கொண்டவர் போல விழித்தார். "பத்து வருஷமா வரையணும்னு நினைச்சது. போன் நின்னப்புறம்தான் முடிஞ்சுது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது, மறுகுரலை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது என்று. விஷயத்தைச் சொன்னேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"நாச்சிமுத்து அண்ணனா? நேத்துக்கூடப் பேசினேனே?" என்றார். பிறகு அவரே, "இல்லை. நான் பேசலை" என்றார்.

"அந்தக் குரலைக் குடுத்தரலாங்களா மேடம்?"

"யோசிச்சுப் பாருங்க. அந்தக் குரல் 'ஓகே'ன்னு சொன்னா ஒரு பம்ப் கேட்டைத் தாண்டி வெளிய போகுது. நாளைக்கு அது வேற யார் கையிலயாவது கெடைச்சு, கரண்ட் கசியற மோட்டாரை ஓகேன்னு சொல்லிடுச்சுன்னா? ஒரு விவசாயி தோட்டத்துல ஈரக்கையோட சுவிட்சைப் போடுவாரு."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

"அப்ப முடியாதுங்களா மேடம்?"

"முடியாதுன்னு நான் சொன்னேனா?"

"முடியுங்களா?"

"அப்படியும் சொல்லலையே." காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "இந்த மறுகுரல் ஒருத்தர் குரலை எப்படிக் கத்துக்குது?"

"ஷிஃப்ட் முழுக்க ஹெட்செட்ல இருக்கற மைக் கேட்டுட்டே இருக்குங்க. அதுல வேலை சம்பந்தமாப் பேசினதை மட்டும் எடுத்துக்கும். மத்ததை 'அலுவல் சாராதவை'ன்னு ஒரு மூலைல ஒதுக்கிரும்."

"ஒதுக்கினதுல என்ன இருக்கு?"

"யாரும் தொறந்து பாத்ததில்லீங்க."

"அதுவும் வெள்ளிக்கெழம அழியுதா?"

"ஆமாங்க."

"கம்பெனிக் குரலைத் தர முடியாது திருமூர்த்தி சார். கம்பெனி வேண்டாம்னு ஒதுக்கினதை நீங்க என்ன பண்றீங்கன்னு நான் என்னிக்காவது கேட்டிருக்கேனா?"

படியிறங்கப் போனேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"எனக்கும் அப்படி ஒரு மூலை இருக்கா?"

"எல்லாருக்கும் இருக்குங்க."

"ம்" என்றார். பென்சிலை எடுத்தார். எடுத்தபடியே வரையாமல் இருந்தார்.

திறக்கும் முன்னால் விளாங்குறிச்சிக்கு இன்னொரு தடவை போனேன். ஒருவர் வேலையில்லாத நேரத்தில் பேசியதைக் கேட்க அவரிடமல்லவா அனுமதி வாங்க வேண்டும்? அண்ணன் பேனாவை எடுத்தார். தாளில் எழுதினார்: 'கேளு. கெட்ட வார்த்தையை மட்டும் வெட்டீராதே.'

நானூற்றுப் பத்து மணி நேரம் இருந்தது. முழுவதும் கேட்க நாளில்லை. தொட்டுத் தொட்டுக் கேட்டேன். கழன்றுவிழுந்த ஒரு வாஷரை அவர் திட்டிய திட்டில், அந்த வாஷரின் மூன்று தலைமுறை அடங்கியது. தும்மல்கள். எண்ணெய் இல்லாத பேரிங் போல ஒரு சிரிப்பு. சுருதி எந்தப் பக்கமும் சேராமல் ஒரு முனகல் பாட்டு. "ஏங் கண்ணு, கையை உள்ள உட்றாதே, மோட்டாரு இன்னும் நிக்கலை" என்று புதிதாக வந்த யாரையோ பதறித் தடுத்தது. மத்தியானம் தவறாமல் வீட்டுக்கு ஒரு போன். "கலா, மாத்தரை போட்டியா? பொய் சொல்லாதே. டப்பாவை ஆட்டு, சத்தங் கேக்கட்டும்."

கம்பெனிக்கு நடவடிக்கை தேவையில்லாதவை எல்லாம் அந்த மூலையில் கிடந்தன. ஒரு மனிதனை அரித்துச் சலித்து, சலித்துவந்ததை போனில் உட்கார வைத்து, மனிதனைக் குப்பையில் போட்டிருந்தோம். இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. சல்லடையைக் கையில் பிடித்திருந்தவனே நான்தான்.

வியாழன் காலை இன்னொன்று காதில் விழுந்தது. மறுகுரல் வந்த முதல் மாதத்துப் பதிவு. பாத்திரச் சத்தம். யாரோ, "அண்ணா, சோறு ஆறுதுங்க, திங்கலாங்களா?" என்கிறார்கள். "இரு, மூர்த்தி வரட்டும்" என்கிறது அண்ணன் குரல். அடுத்த நாள்: "அவன் வந்துருவான், இரு." அதற்கடுத்த நாளும். எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு நாட்கள். பதின்மூன்றாம் நாள் அவர் எதுவும் சொல்லவில்லை. பாத்திரச் சத்தம் மட்டும்தான்.

ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு ஏ.சி.யை அணைத்தேன். அன்றைக்கு மட்டும் அது சொன்னபடி கேட்டு அமைதியாக இருந்தது.

பதிவுகளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிருந்த பெண் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எல்லாரும் மேடைப் பேச்சுதான் சார் கொண்டு வருவாங்க. மூச்சு, சிரிப்பு, கோபம், எல்லாம் இருக்கிற மாதிரி யாரும் கொண்டு வந்ததில்லை. இது நல்லா வரும்" என்றாள். நான்கு மணிக்குத் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைக் கையில் கொடுத்தாள். சட்டைப் பையில் குத்திக்கொள்ள வேண்டும். போனில் தட்டினால் அது பேசும்.

சாயங்காலம் விளாங்குறிச்சி. அக்கா சமையலறையில் இருந்தார். அண்ணன் கருவியைக் குத்திக்கொண்டு, போனை மடியில் வைத்து வெகுநேரம் எதையும் தட்டாமல் இருந்தார். முதல் வார்த்தை என்ன என்று தேடுகிறார் என்று நினைத்தேன். தேடவில்லை. இதையும் அக்கா 'இவரு இல்லீங்' என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்துபோயிருந்தார்.

அப்புறம் தட்டினார்.

"கலா, அடுப்புல என்னமோ தீயுது பாரு."

சமையலறையில் கரண்டி விழுந்தது. அக்கா வாசற்படியில் வந்து நின்றார். எதுவும் தீயவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் அது தெரியும்.

"ஒண்ணும் தீயலீங்க" என்றார் அக்கா. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னொருக்காச் சொல்லுங்க."

"தீயுதுங்கறன், போயிப் பாரு."

"போ மாட்டேன்" என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அஞ்சு மாசங்கழிச்சு இப்பத்தான் ஊட்டுக்கு வந்திருக்கறீங்க. வந்ததும் அதட்டலா?"

பேரிங் சிரிப்பு வந்தது. சிரிப்புக்கென்று ஒரு பொத்தான் இருப்பதை அவர் எங்கள் யாருக்கும் சொல்லாமலே கண்டுபிடித்திருந்தார். அக்கா பேசினார், அவர் தட்டினார், அக்கா குறுக்கே பேசினார், அவர் தட்டியதை அழித்துவிட்டு வேறு தட்டினார். பெரியவன் போன் செய்தானாம், கேஸ் சொல்ல வேண்டுமாம், பக்கத்து வீட்டு நாய் செருப்பைத் தூக்கிக்கொண்டு போனதாம். நாலு வார்த்தைக் கணக்கு பத்தே நிமிடத்தில் உடைந்து போனது.

நான் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். கிளம்பிவிடலாம் என்று எழுந்தேன். ஆனால் பன்னிரண்டு நாட்கள் காதில் ஓடிக்கொண்டே இருந்தன. மூன்று நாளாக இந்த வீட்டில், டெஸ்ட் பெட்டில், மேடத்திடம் என்று யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை; எனக்குக் கிடைத்ததெல்லாம் "அதனாலென்னங்க" தான்.

"அண்ணா, ஒரே ஒரு கேள்வி. நான் வரவே இல்லையே, எம்மேல கோவமா இல்லையா?"

"அட, அதெல்லாம் எதுக்குங் தம்பி இப்ப..." என்று அக்கா தொடங்கினார்.

அண்ணன் கையை நீட்டி அக்காவை நிறுத்தினார். போனைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தட்டினார். நிதானமாக, ஓர் எழுத்தும் தவறாமல் தட்டினார். பிறகு என்னைப் பார்த்தபடி பொத்தானை அழுத்தினார்.

"கோவந்தாண்டா மூர்த்தி. மூணு வருசமாக் கோவம். ஆப்பரேசனுக்கு முந்தின நாளு, கடைசியாப் பேசற பேச்சு உங்கிட்டன்னு ஆசப்பட்டுக் கூப்பிட்டேன், உன்ற மிஷினு எடுத்துச்சு. இன்னும் எனக்கு ஆறலை. நாளைக்கும் வா, நாளானிக்கும் வா. ஆறினப்பறம் நானே சொல்றேன்."